பதினொரு வளைவு கொண்ட சுங்கான்

அந்தத் தெருவில் அவளுக்குப் பல்லுக்காரம்மா என்று பெயர். பல் பெரிதாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அவளுடையது சின்னதாக, வரிசையாக அமைந்த பல். ஒரு பல் மருத்துவரின் கட்டடத்தில், தரைக்குக் கீழே இருந்த அறையில், இருபத்தாறு வருஷமாகப் பல் செட் செய்துகொண்டிருந்தாள். அதனால் வந்த பெயர். மாடியில் மருத்துவர் நோயாளியின் வாயை அச்செடுத்துக் கீழே அனுப்புவார். இவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, மெருகேற்றி மேலே அனுப்புவாள். அந்த ஊரில் பாதிப் பேருடைய தாடை அவளுக்கு அத்துப்படி. முகம்தான் தெரியாது. கடையில் வரிசையில் நிற்கும்போது யாராவது வாய்விட்டுச் சிரித்தால், "ஓகோ, அந்த மேல்வரிசை இவருடையதா" என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு. நன்றாக அமைந்த பல் செட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அது பல் செட் என்றே தெரியக் கூடாது என்பதுதானே வேலை. குத்துகிறது, ஆடுகிறது என்றால்தான் மாடியிலிருந்து செய்தி வரும். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடப் படி இறங்கி வந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அவள் அதைப் பெரிய மனக்குறையாக வைத்துக்கொள்ளவும் இல்லை. சம்பளம் வந்தது, கை வேலை பிடித்திருந்தது, மதியம் ரேடியோ பாடியது.

முதன்முதலாக அந்தப் படியில் இறங்கி வந்தவர் ஓய்வு பெற்ற ரயில் கார்டு ஒருவர். உயரமான மனிதர். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, நிமிர்ந்ததும் கேட்டார்.

"இந்தப் பல்லைச் செஞ்சது யாரு?"

"நான்தாங்க. என்ன பண்ணுது?"

"சாப்பிட நல்லாத்தான் இருக்கு. பேச நல்லாத்தான் இருக்கு. பைப்பைக் கடிச்சா மட்டும் வழுக்கிட்டுப் போகுது. முப்பது வருஷமா வாயில நின்ன பைப்பு. நேத்து மடியில விழுந்து கால்சட்டை பொசுங்கிப்போச்சு."

பொசுங்கின கால்சட்டையையும் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சாட்சிக்காம்.

எல்லோரும் பைப் என்று சொல்லும் சுங்கானை அவள் கையில் வாங்கிப் பார்த்தது அன்றுதான். அவள் வீட்டில் யாருக்கும் புகைக்கிற பழக்கம் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புகையிலை வைக்கும் கிண்ணம் மரம். வாயில் வைக்கும் தண்டு, பழைய பேனாக்கள் செய்கிற எபனைட் என்ற கெட்டி ரப்பர். தண்டின் முனையில் பல் கவ்வுவதற்கு ஒரு மெல்லிய விளிம்பு. அவருடைய பழைய பல் அந்த விளிம்பில் முப்பது வருஷமாக ஒரு பள்ளம் பறித்திருந்தது. அவள் செய்து கொடுத்த புதுப் பல் அந்தப் பள்ளத்தில் உட்காரவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

பல் செட் எங்கே இடிக்கிறது என்று பார்க்க ஒரு நீலத்தாள் உண்டு. கடித்தால் அழுத்தம் விழுகிற இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அதைத் தண்டின் மேல் சுற்றி, "உங்க வழக்கப்படி கடிங்க" என்றாள். கார்டு கடித்தார். ஒரு வாரத்தில் அவருடைய கடிக்கு ஏற்ற மாதிரி புதுத் தண்டு ஒன்றை ராவிக் கொடுத்தாள். அடுத்த மாதம் மறுபடியும் படியில் காலடிச் சத்தம் கேட்டது. என்ன குறையோ என்று எழுந்து நின்றாள்.

"குறை ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கு, அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இப்ப விழறதே இல்ல. வீட்டுக்காரிதான் சலிச்சுக்கிறா. முன்னாடி பேசணும்னா பைப்பை எடுக்கணும், அதனால கொஞ்சமாப் பேசுவேனாம். இப்ப கடிச்சுக்கிட்டே பேசறேனாம்."

கார்டு தன் நண்பர்களை அனுப்பினார். நண்பர்கள் தங்கள் நண்பர்களை அனுப்பினார்கள். ஒரு வருஷம் தண்டு மட்டுமே செய்து கொடுத்தாள். பிறகு அவளுக்கே ஓர் ஆசை வந்துவிட்டது. வாலை மட்டும் எத்தனை நாள் செய்வது, முழு மாட்டையும் செய்து பார்த்தால் என்ன என்று. சுங்கானுக்கு என்றே ஒரு மரம் இருக்கிறது. பிரையர் என்கிற புதரின் வேரில் மண்ணுக்கடியில் உருண்டு திரளும் முடிச்சு. அதை வேகவைத்து, வருஷக்கணக்கில் உலர்த்தி, கட்டைகளாக அறுத்து விற்பார்கள். நெருப்பு பட்டாலும் லேசில் கருகாது. அதில் நான்கு கட்டை வரவழைத்தாள்.

முதல் சுங்கானில், புகை வரும் துளை கிண்ணத்தின் அடிக்குச் சற்று மேலே போய்த் திறந்துகொண்டது. அடியில் கிடந்த புகையிலை ஈரமாகவே கிடந்தது. இரண்டாவதில் சுவர் மெலிந்து, புகைக்க ஆரம்பித்த ஐந்தாம் நாள் பக்கவாட்டில் கருகியது. இரண்டையும் கார்டுதான் பிடித்துப் பார்த்துச் சொன்னார். ரயிலில் இருந்த காலத்துப் பழக்கம், நேரம் போட்டு எழுதியே கொண்டுவருவார். "நாலு பத்துக்குப் பத்த வெச்சேன். நாலு இருபத்தஞ்சுக்குக் கை சுட்டுது. நாலு இருபத்தாறுக்குக் கீழ வெச்சுட்டேன்." மூன்றாவதைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. திருப்பியும் தரவில்லை.

அவளே ஒரே ஒரு தடவைதான் புகைத்துப் பார்த்தாள். இரண்டு நாள் இருமினாள். அதற்குப் பிறகு பற்றவைக்காத சுங்கானில் காற்றை மட்டும் இழுத்துப் பார்ப்பதோடு சரி. விசில் மாதிரி சத்தம் வந்தால் உள்ளே எங்கோ இடறுகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் காற்று வந்தால் வேலை முடிந்தது.

மூன்று வருஷத்தில் பல் வேலை காலையோடு நின்றது. மதியத்திலிருந்து வீட்டில் சுங்கான் வேலை. வீடு என்பது மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, சமையலறையை ஒட்டிக் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பால்கனி. பால்கனியில்தான் பட்டறை. அவள் கணவர் பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வந்துவிடுவார். அவள் கையெல்லாம் மரத்தூளாக இருப்பதால் மதியச் சமையல் அவர் பொறுப்பு. அவருக்கு மூக்கு மகா கூர்மை. பஸ்ஸில் கடைசி சீட்டில் ஆரஞ்சுப் பழம் உரித்தால் முன்னாலிருந்தே சொல்லிவிடுவார்.

"இன்னிக்கு முட்டையில என்ன வாசனைன்னு சொல்லவா?" என்று ஒரு நாள் தட்டை முகர்ந்தபடி கேட்டார்.

"மிளகு."

"மிளகு இல்ல, உன் பைப்புக் கட்டை. யாரோ வாயில வைக்கிறதை நாமதான் முதல்ல சாப்பிடணும்போல."

சொன்னாரே தவிர, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால்கனிக்கும் சமையலறைக்கும் நடுவே கனமான ஒரு திரையைத் தானே தைத்துத் தொங்கவிட்டார்.

சுங்கானில் உலோகம் பதிக்கும் வேலை அவளுக்குத் தானாகவே வந்தது. பல் செட்டுக்குக் கம்பி வளைத்த கை. பல்லைக் குடைகிற மெல்லிய ஊசி அவளிடம் இருந்தது. மரத்தில் நூல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, அடிப்பக்கத்தை மட்டும் கொஞ்சம் அகலமாக்கி, பழுக்கக் காய்ச்சி மென்மையாக்கிய வெள்ளிக் கம்பியை அதில் வைத்துத் தட்டினால், கம்பி அடியில் விரிந்து மரத்தைக் கவ்விக்கொள்ளும். பசை இல்லாமலே நிற்கும். முதலில் வெறும் வளையம் பதித்தாள். பிறகு இலை, கொடி, பெயரின் முதல் எழுத்து. இப்போது அவள் செய்ததை மக்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்து நாலு பேருக்குக் காட்டினார்கள். பல் செட்டை யார் அப்படிக் காட்டுவார்கள்? அது அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகவும், நிறையப் பிடித்தும் இருந்தது.

அவளுக்கு ஐம்பது வயதானபோதுதான் வரைபடக்காரர் வந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். வயது அறுபத்து நாலு இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. உள்ளே வந்ததும் நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து, அதன் நான்கு காலும் தரையில் நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர். ஏழு வருஷத்துக்கு முன் கண்ணில் ஏதோ நோய் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

"எனக்கு ஒரு பைப் வேணும்மா. அதுல வெள்ளியில ஒரு கோடு."

"என்ன கோடுங்க? வளையமா, கொடியா?"

"ஆறு."

அவள் ஆறு கோடு என்று நினைத்துக்கொண்டு, "ஆறும் சம இடைவெளியா வரணுமா?" என்று கேட்டாள்.

அவர் மனைவி சிரித்துவிட்டார். "தண்ணி ஓடுற ஆறும்மா. இவர் நாலு வருஷம் அளந்த ஆறு."

வரைபடக்காரர் சொன்னார். அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய வேலை அது. அதற்கு முன் அந்த ஆற்றுக்குச் சரியான படமே கிடையாது. கரையோடு நடந்தும், படகில் போயும், அளவுச் சங்கிலி பிடித்தும் அளந்து, அவர் கையாலேயே வரைந்தார். அச்சில் வந்தபோது கீழே அலுவலகத்தின் பெயர்தான் இருந்தது. அது முறைதான், அதில் அவருக்கு வருத்தம் இல்லை. ஆனால் இப்போது அந்தப் படத்தைப் பார்க்க முடியாது. தொட்டால் வெறும் காகிதம்.

"வெள்ளி மரத்தை விடச் சில்லுனு இருக்கும். கொஞ்சம், ஒரு முடி கனம், மேல தூக்கி விட்டீங்கன்னா விரல்ல தெரியும். பதினொரு வளைவு. ஒண்ணுகூடத் தப்பக் கூடாது."

"பார்த்துச் செய்யறேன் சார்."

"நீங்க பார்ப்பீங்க. நான்தான் பார்க்க முடியாது. அதனாலதான் தப்பக் கூடாதுங்கிறேன்."

அந்த வாரமே அவள் அவர் வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேசையின் மேல் அவர் மனைவி படத்தை விரித்து, நாலு மூலையிலும் நாலு டீ கோப்பையை வைத்தார். அவள் மேலே மெல்லிய தாளைப் போட்டு ஆற்றைப் பிரதி எடுத்தாள். பிறகு அதைச் சிறியதாக்கி, ஒரு வளைந்த கிண்ணத்தின் மேல் எப்படிச் சுற்றுவது என்பதுதான் பெரும்பாடாகப் போயிற்று. இங்கே இழுத்தால் அங்கே கோணியது. கடைசியில் தனக்குத் தெரிந்த வேலைக்கே திரும்பினாள். ஈறு செய்கிற இளஞ்சிவப்பு மெழுகில் முழு அளவில் ஒரு சுங்கான் செய்து, அதன் மேல் வெள்ளை நூலை ஆறு மாதிரி ஒட்டி, எடுத்துக்கொண்டு போனாள்.

வரைபடக்காரர் அதைக் கையில் வாங்கினார். சுட்டுவிரல் நூலின் மேல் மெதுவாக ஊர்ந்தது. உதடு எண்ணிக்கொண்டே போனது.

"நாலு சரி. அஞ்சு சரி. ஏழாவது இவ்வளவு அவசரப்படாது. அங்க ஆறு சோம்பேறி. மெதுவாத்தான் திரும்பும்."

அவள் நூலை நகம் வைத்து நகர்த்தினாள். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம். ம். அங்கதான் நாங்க எட்டு நாள் சேத்துல கெடந்தோம்."

"எட்டு நாளும் இவர் சாப்பிட்டதை எனக்கு எழுதுவாரு," என்றார் மனைவி. "கடுதாசி வரும், திறந்து பார்த்தா என்ன சாப்பிட்டேன், எத்தனை அடி அளந்தேன். நீ எப்படி இருக்கேன்னு ஒரு வரி கிடையாது."

"நீ நல்லா இருப்பேன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா கேக்கக் கூடாதா?"

இப்படி மூன்று தடவை போய் வந்த பிறகுதான் பதினொரு வளைவும் தேறின. அதற்குள் அவளுக்கு அந்த வீட்டில் இரண்டாவது கோப்பை டீயும் வழக்கமாகிவிட்டது. அவர் மனைவியை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

கட்டையைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு மதியம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் நனைத்துப் பார்த்தாள். நனைத்தால் ரேகை தெரியும். சுண்டிக் கேட்டாள். ரேகை நெருக்கமாக, நேராக ஓடிய ஒன்றை எடுத்தாள். கிண்ணத்தின் துளையும் புகை வரும் துளையும் முதல் தடவையிலேயே சரியாகச் சந்தித்தன. கிண்ணம் உருண்டையாக வந்தது. தண்டு செருகும் மரக் காம்பிலிருந்து தொடங்கி, கிண்ணத்தைச் சுற்றி, விளிம்பு வரை வாய்க்கால் வெட்டினாள். கம்பியை ஒரு நாளைக்கு ஒரு வளைவு என்று பதித்தாள். அதற்கு மேல் பதித்தால் கை நடுங்கும்.

ஒன்பதாவது வளைவு முடிந்த மறுநாள், ஆறாவதற்குப் பக்கத்தில் இருந்த மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தாளுக்கு அடியில் ஏதோ சொரசொரத்தது. ஊதிப் பார்த்தாள். கடுகளவு ஒரு குழி. பிரையர் வேர் மண்ணுக்குள் வளரும்போது ஒரு மணலையோ கல்லையோ விழுங்கி, அதைச் சுற்றி வளர்ந்துவிடும். வெளியிலிருந்து தெரியாது. நனைத்தாலும் தெரியாது. தேய்த்துக்கொண்டே போனால் ஒரு நாள் வாயைத் திறக்கும்.

குழி ஆழமில்லை, புகைக்கும் நெருப்புக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. இதே மாதிரிக் குழிகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, சாயம் பூசி அனுப்புகிறவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இது கண்ணுக்குச் செய்கிற சுங்கான் இல்லையே. சூட்டில் பசை இளகினால் அவர் விரல் அங்கேதான் போய் நிற்கும். ஒரு மணி நேரம் யோசித்தாள். பிறகு குழியை வட்டமாகக் குடைந்து, அதில் ஒரு வெள்ளிப் புள்ளியைப் பதித்தாள். பார்க்க அழகாகவே இருந்தது. ஆற்றின் கரையில் ஒரு பொட்டு வைத்த மாதிரி.

இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடலாமா என்று மனம் கேட்டது. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று அதன் வாயை அடைத்தாள்.

சுங்கானைக் கொடுத்த அன்று கணவரும் கூட வந்திருந்தார். வரைபடக்காரர் முதலில் தண்டைக் கடித்துப் பார்த்துத் தலையாட்டினார். காற்றை இழுத்தார்; சத்தமில்லை. பிறகு விரலைக் காம்பில் வைத்து ஆற்றில் இறங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. முகம் மலர்ந்துகொண்டே வந்தது. ஆறாவதில் விரல் நின்றது. பின்னால் போனது. மறுபடியும் வந்து நின்றது.

"இங்க ஒரு புள்ளி இருக்கே."

விரலால் அதைச் சுற்றித் தடவினார்.

"இங்க ஊர் கிடையாதும்மா. கிணறுகூடக் கிடையாது. நாலு மைலுக்கு வெறும் நாணல்."

அவளுக்கு முகம் சுட்டது. "அது புள்ளி இல்ல சார். மரத்துல ஒரு குழி இருந்தது. அடைச்சேன். மொதல்லயே சொல்லியிருக்கணும். கேட்டாச் சொல்லலாம்னு இருந்துட்டேன். தப்புதான்."

அவர் கோபப்படவில்லை. சுங்கானை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இருந்தான். படத்துல இடம் காலியா இருந்தா அவனுக்குப் பொறுக்காது, அழகுக்கு ஒரு மரம் வரைஞ்சிடுவான். அந்த மரத்தை நம்பி, நிழல்ல கூடாரம் போடலாம்னு ரோடு போடுற கூட்டம் ஒண்ணு போய் ஒரு நாள் பூரா வெயில்ல வெந்துச்சு. அன்னியிலேருந்து இல்லாததைப் போட்டா எனக்கு ஆகாது. நீங்க சொல்லிட்டீங்க, அதுல எனக்கு மனசு சமாதானம். ஆனா எனக்குப் புள்ளி இல்லாம வேணும்."

"செஞ்சு தர்றேன் சார்."

"வேலை நிறைய ஆச்சே," என்றார் அவர் மனைவி. "விடுங்களேன். ஒரு கடுகு."

"கடுகா இருந்தா என்ன? படம்னா படம்."

"பரவாயில்லக்கா, சார் கேக்கறது நியாயம்தான்," என்றாள் பல்லுக்காரம்மா. அவரிடம் திரும்பி, "புதுசு வர்ற வரைக்கும் இதையே வெச்சுக்கோங்க. புது பைப்பை முதல்ல அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமாப் பழக்கணும். இதுல பழகிக்கோங்க" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பயணியாகப் பஸ்ஸில் உட்கார்ந்தால் அவருக்கு வலது கால் சும்மா இருக்காது, பிரேக்கைத் தேடும்.

"ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்திட்டேன்னு வை. பின்னாடி எடுக்க எனக்கு அனுமதி கிடையாது. திட்டு வாங்கிட்டு அப்படியே போகணும். உனக்குத் திரும்ப எடுக்க முடியுது. போய் எடு."

"எனக்கு வேலை பத்தி இல்லங்க. சொல்லாம இருந்தேனே, அதுதான்."

"அதான் சொல்லிட்டியே. இன்னும் யாருக்குச் சொல்லணும்? கண்டக்டரைக் கூப்பிடவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது சுங்கானுக்கு இருபத்திரண்டு நாள் பிடித்தது. ஆனால் முதல் தடவை இருந்த பயம் இப்போது இல்லை. ஆறு அவள் கைக்கு வந்துவிட்டது. ஏழாவது வளைவின் சோம்பேறித்தனம் ஊசிக்கே தெரிந்திருந்தது. வாய்க்கால் வெட்டுவதற்கு முன்பே மரத்தை முழுக்கத் தேய்த்து, குழி ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். அந்த முறை அதன் பிறகு எல்லா வேலைக்கும் அவளுடைய வழக்கமாயிற்று. மதிய வெயில் பால்கனிக் கண்ணாடி வழியாகக் கை மேல் விழும். திரைக்கு அந்தப் பக்கம் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, யாரோ ஒரு பயணி தப்பான பஸ்ஸில் ஏறிக்கொண்டு இவரோடு சண்டை போட்ட கதையைச் சொல்வார். அந்த மூன்று வாரமும் நல்ல வாரங்கள் என்று பின்னால் நினைத்துக்கொள்வாள்.

சுங்கானைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வரைபடக்காரர் காம்பிலிருந்து விளிம்பு வரை ஒரே மூச்சில் போனார். திரும்பி ஒரு தடவை, விளிம்பிலிருந்து காம்புக்கு. பிறகு சொன்னார்.

"இதுதான்மா. இது என் ஆறு."

அவ்வளவுதான் சொன்னார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அவர் மனைவி எழுந்து போய்ச் சமையலறையில் தேவையில்லாமல் குழாயைத் திறந்து மூடினார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள், "பழையதைக் குடுத்துடுங்க சார். அந்த வெள்ளியை எடுத்து வேற வேலைக்குப் போட்டுக்கறேன்" என்றாள்.

வரைபடக்காரர் காது கேட்காதவர் மாதிரி இருந்தார்.

"சார்?"

"அதை இனிமே கேக்காதேம்மா," என்றார் மனைவி சமையலறையிலிருந்து. "அதை விட்டுப் பிரிய மாட்டாரு. நேத்து தொடைக்கலாம்னு எடுத்தேன், எங்கடி வெச்சேன்னு வீட்டையே ரெண்டாக்கிட்டாரு."

அவர் கொஞ்சம் அசடு வழிந்தார். "அது ஒண்ணுமில்லம்மா. எடுத்த உடனே பெருவிரல் அந்தப் புள்ளியில போய் உக்காந்துக்குது. பைப் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு தடவித் தேட வேண்டியதில்ல. மத்த பைப்புல எல்லாம் தீக்குச்சியைக் கிழிச்சப்புறம்தான் தலைகீழாப் பிடிச்சிருக்கேன்னு தெரியும். இது அப்படி இல்ல."

"அப்ப இந்தப் புதுசுலயும் ஒரு புள்ளி வெச்சுடவா?"

"சேச்சே. அது படம். அதுல வைக்கக் கூடாது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "ஒரே பைப்பைத் தினமும் பிடிக்கக் கூடாது, கட்டைக்கு ஓய்வு வேணும்னு நீங்கதானே சொன்னீங்க. ரெண்டும் இருக்கட்டும். சரியானது நாலு பேர் வரும்போது. தப்பானது வீட்டுக்குள்ள."

நாலு பேர் வரத்தான் செய்தார்கள். பழைய அலுவலகத்து ஆட்கள் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வந்து, சுங்கானைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்து, நாலாவது வளைவு இப்படியா அப்படியா என்று இரண்டு மணி நேரம் சண்டை போட்டார்களாம். கடைசியில் படத்தை விரித்துப் பார்த்தால் சுங்கான் ஜெயித்தது. அந்த மூவரில் புகைக்கிற பழக்கமே இல்லாத ஒருவர், தான் அளந்த ஏரி ஒன்றைப் பதித்துத் தர முடியுமா என்று பல்லுக்காரம்மாவைத் தேடி வந்தார். பைப்பை என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டதற்கு, வாயில் வைத்துக்கொள்வேன், பற்றவைக்க மாட்டேன் என்றார். அவரும் பல் செட் போட்டவர். கீழ்வரிசையைப் பார்த்ததுமே, இது தன்னுடைய வேலை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை.

அந்த வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் கணவருக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது. எங்காவது போகலாமா என்றார். அவள், அந்த ஆற்றைப் பார்க்கலாம் என்றாள். பஸ்ஸில் நாலு மணி நேரப் பயணம். அவித்த முட்டையும் ரொட்டியும் கட்டிக்கொண்டு போனார்கள். வழி முழுக்க அவர் அந்த டிரைவரின் கியர் மாற்றத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்து, கடைசி ஒரு மணி நேரம் அவள் தோளில் தூங்கிவிட்டார்.

பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கிக் கரையோடு நடந்தார்கள். அவளுக்கு ஒரு நப்பாசை, வளைவைப் பார்த்ததும் இது இத்தனாவது என்று சொல்லிவிடலாம் என்று. எவ்வளவு தூரம் நடந்தும் வளைவே தென்படவில்லை. எதிரே அகலமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, நேராக. இரண்டு பக்கமும் நாணல் தலையாட்டியது. ஒரு மேட்டில் உட்கார்ந்து முட்டையைத் தின்றார்கள். கணவர் செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டார். வேறு வேலை ஏதும் இல்லாத ஒரு மதியம். தண்ணீர் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரம் வரைபடக்காரர் வீட்டுக்குப் போனபோது அதைச் சொன்னாள்.

"ஒரு வளைவுகூடத் தெரியல சார். நேராத்தான் போகுது."

"கரையில நின்னா நேராத்தான் தெரியும்மா. நாங்களும் முதல் மாசம் அப்படித்தான் நெனச்சோம்." அவர் புகையிலையைக் கிண்ணத்தில் போட்டு விரலால் அமுக்கினார். "தண்ணி என்ன நிறத்துல இருந்துச்சு?"

"டீ மாதிரி."

"பால் ஊத்தினதா, ஊத்தாததா?"

அவள் யோசித்தாள். "ஊத்தினது."

"அப்ப ஆத்துக்கு மேல்பக்கம் நல்ல மழை," என்றார் வரைபடக்காரர், திருப்தியோடு. தீப்பெட்டிக்காக மேசை மேல் கையை நீட்டினார்.